ரொட்டி வண்டிக்குக் கழுத்து வெட்டிய கதை

அன்பு மகள் சுண்டெலிக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உன் அப்பாவின் வண்டிக்கு மட்டும் தலையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்து இப்போது தேறி வருகிறது. நீயும் உன் துறைமுகத்துக் கிரேனும் அங்கே நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இந்த இடத்திலேயே நிறுத்தி மருந்து சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. நான் சொல்லப்போகும் கதையை ஏழு கண்டத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை, இதை நெஞ்சில் கைவைத்து, இப்போதுதான் தேநீர் குடித்த தூய வாயால் உறுதிமொழியாகவே சொல்கிறேன். நியாயமாக உன் அப்பா எழுதவேண்டிய கடிதம் இது. ஆனால் அவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், 'நலம், மழை, உடம்பைப் பார்த்துக்கொள்' அவ்வளவுதான், துணியில் மட்டுமல்ல, வார்த்தையிலும் மிச்சம் பிடிக்கிற தையற்காரர். அதனால் பெயரிலேயே அப்பாவை ஒட்டவைத்துக்கொண்டு பிறந்த நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தின் கடைசியில், "அம்மா வரமாட்டாங்கன்னு தெரியும், இனிமே கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணமாட்டேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உன் அம்மா, அதான் என் அண்ணி, கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு மூன்று நாள் பாத்திரம் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில் ஒரு தட்டு கண்ணாடியாகவே ஆகி அதன் வழியாக அடுத்த தெரு தெரிகிறது. ஆஸ்பத்திரி லிஃப்டில் மூன்று மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டதிலிருந்து அவருக்கு மூடிய இடம் என்றால் எப்படி ஆகும் என்பது உனக்குத் தெரியாததல்ல, குளிக்கப் போனால்கூடத் தாழ்ப்பாள் போடாமல், ஆள் இருப்பது தெரியட்டும் என்று சத்தமாகப் பாடுகிறார், எங்கள் காதுக்கு வந்த சோதனை அது. விமானம் என்ற பேச்சே கிடையாது. ரயிலில் ஏற்றினால் முதல் சுரங்கப்பாதையிலேயே சங்கிலியைத் தேடுகிறார். அதற்காகத்தானே உன் அப்பா பேக்கரிக்காரர் கழித்துவிட்ட ரொட்டி வண்டியை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, மெத்தைக்கு உறை தைத்து, சுரங்கத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு மலைப்பாதையில் நாலு நாளில் உன் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதாகத் திட்டம் போட்டார். அண்ணி ஏறினார், கதவைச் சாத்தினோம், சாத்திய கதவு அதிர்ந்து நிற்பதற்குள் இறங்கிவிட்டார். "நான் என்ன ரொட்டியா? இதுல நாலு நாள் போனா உங்க பொண்ணு வாசல்ல வெந்துதான் இறங்குவேன்" என்றார். உன் அப்பா ஒரு வாரம் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை.

அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன். வண்டிக்கு வேண்டியது கூரை ஃபேன் என்று கண்டுபிடித்த மேதை நானே, உன் அப்பா மறுப்பார், நம்பாதே. கூரையில் ஓட்டை போட்டு மூடியோடு பதித்துவிட்டால் உள்ளே இருக்கிற வெக்கையை இழுத்து வெளியே துப்பும். மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று இழுக்கும், எத்தனை இறக்கை, எவ்வளவு சத்தம், பேட்டரியை எவ்வளவு குடிக்கும் என்று நான் எடுத்த குறிப்புகளை அடுக்கினால் ஏணியே இல்லாமல் கூரைக்கு ஏறலாம். கடைசியில் நான் தேர்ந்தெடுத்த ஃபேனுக்குப் பத்து வேகம், ரிமோட் உண்டு, மழைத்துளி பட்டால் தானே மூடிக்கொள்ளும், மொத்தத்தில் என்னைவிடப் புத்திசாலி. உன் அப்பா தேர்ந்தெடுத்ததற்கு ஒரே தகுதி, அதன் மூடி வெள்ளை, வண்டியும் வெள்ளை, நிறம் சேரவேண்டுமாம். கடையிலேயே நின்று கால் மணி நேரம் சண்டை. "ஏன்டா, படுத்துக்கிட்டே கை நீட்டினா எட்டுற கூரைக்கு ரிமோட் எதுக்குடா?" என்கிறார் அவர், "மேல போற காக்காதான் பார்க்கப்போவுது, அதுக்கு எதுக்குண்ணே கலர் மேட்சிங்?" என்கிறேன் நான். கடைவாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்ற அண்ணி, கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க, கரண்ட் போயிட்டா மூடியைக் கையால திறக்க முடியுமா?" கடைக்காரர் அண்ணியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். என் பத்து வேகத்தை எடுத்து ஓரம் வைத்தார், உன் அப்பாவின் வெள்ளையையும் ஓரம் வைத்தார், அடித்தட்டிலிருந்து கைப்பிடி சுற்றித் திறக்கிற சாதா ஃபேன் ஒன்றை எடுத்து வைத்தார், மூன்றே வேகம், புகைநிற மூடி, அதன் வழியாக வானம் தெரியும். அண்ணி கைப்பிடியைச் சுற்றித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இது போதும்." என் மூன்று வார ஆராய்ச்சி அந்த இரண்டு வார்த்தையில் காலமானது.

இனி வெட்டுப் படலம். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் பதினாலுக்குப் பதினாலு அங்குலச் சதுரம் வெட்டு என்று போட்டிருந்தது. நான் அளவு நாடாவை எடுத்தேன். "அளவு நீ எனக்குச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு உன் அப்பா காக்கிக் காகிதத்தை நாலாக மடித்து, ஒரே வெட்டில் மாதிரி வெட்டி, கூரைமேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்தார், நாற்பது வருஷக் கை, ஒரு நடுக்கம் இல்லை. தச்சரிடம் ஓசி வாங்கிய மின்ரம்பத்தை வைத்து அவர் அறுக்க, தகரம் போட்ட ஓலத்தில் மூன்று தெருவுக்கு நாய்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு போய்விட்டன. அறுத்து முடித்ததும் தச்சர் வந்து வேலை இருக்கிறது என்று ரம்பத்தைக் கையோடு வாங்கிப் போனார். பிறகு ஃபேனைத் தூக்கி ஓட்டையில் வைத்தோம். அது உள்ளே இறங்கவில்லை. அழையாத விருந்தாளி மாதிரி வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டது. அளந்தால் பதின்மூன்று அங்குலம், நாலு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டியிருக்கிறார், போதாததற்கு நாலு மூலையும் அழகாக உருண்டை. "என்னண்ணே இது?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "கழுத்தை எப்பவும் சின்னதாத்தான்டா வெட்டணும், சின்னதைப் பெருசாக்கலாம், பெருசா வெட்டிட்டா சட்டையே போச்சு" என்கிறார். கூரைக்குக் கழுத்து வெட்டிய முதல் மனிதர் உன் அப்பாதான், பெருமைப்படு. முன்கழுத்து எந்தப் பக்கம், பின்கழுத்து எந்தப் பக்கம் என்று நான் பணிவோடு விசாரித்ததற்கு, "வாயை மூடிட்டு அரத்தை எடுடா" என்று பதில் வந்தது.

ரம்பம் இல்லாமல் அரத்தாலேயே ராவி ராவி ஓட்டையைப் பெரிதாக்க மூன்று நாள் ஆனது. நான் ராவிய தூளை உருக்கினால் ஒரு கப்பல் கட்டி உன் துறைமுகத்துக்கே அனுப்பலாம். ஆனால் இங்கேதான் கேள். முதல் நாள் அண்ணி தேநீரைக் கதவருகே நின்று நீட்டினார். இரண்டாம் நாள் படியில் ஒரு கால் வைத்தார், தலைக்குமேல் ஓட்டையைப் பார்த்தார், ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சதுர வானத்தின் கீழே அரைமணி நேரம் காய்கறி நறுக்கினார். "நல்லாத்தானே இருக்கு, இப்படியே விட்டுடுங்களேன், ஃபேன் எதுக்கு?" என்று வேறு கேட்டார். அன்றைக்கு மழை வந்தது, உன் அப்பா ஓடிப்போய் மழைக்கோட்டுத் துணியில் ரப்பர் நாடா கோர்த்து ஓட்டைக்கு ஒரு தொப்பியே தைத்துவந்து மாட்டினார், அதற்கும் உள்தையல் வெளித்தையல் என்று இரண்டு தையல். தொப்பியை மாட்டிவிட்டுக் கூரைமேலேயே என் காதருகே குனிந்து, "டேய், ஃபேனை மாட்டி இதையும் அடைச்சுட்டா, அவ மறுபடி உட்கார மாட்டாளோ?" என்றார். உனக்குத் தெரியும், என்னிடம் எந்த நேரமும் ஒரு பொய் கைவசம் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் ஃபேன் இறங்கியது. விளிம்பைச் சுற்றிப் பசைநாடா ஒட்டி, திருகுகளைச் சட்டைக்குப் பொத்தான் வைப்பதுபோல் இடைவெளி அளந்து முடுக்கி, அதன்மேல் நீர் புகாத பசையைப் பிதுக்கிப் பூசினோம், கூரைமேல் பாதியும் என் தலைமுடியில் பாதியும். ஒயரை ஃபியூஸ் வைத்துப் பேட்டரியில் கோர்த்து, சுவிட்சைப் போட்டால், சுற்றுகிறது, ஆனால் உள்ளே ஒரு நூல்கூட அசையவில்லை. படியேறும் கிழவர் மாதிரி முனகல் மட்டும் வந்தது. உன் அப்பா ஒயரை மாற்றிக் கோர்த்தார், நான் கடைக்காரரின் மூன்று தலைமுறையைத் திட்டினேன். வெளியே நின்றிருந்த அண்ணி, "ஏங்க, தூசு வரும்னு நாலு ஜன்னலையும் சாத்தி, இடுக்குல பஞ்சு வேற அடைச்சிருக்கீங்க, வெளியே தள்ள உள்ளே எதுனா வரணுமில்ல? ஃபேன் என்ன, காத்தைப் பெத்தா போடும்?" என்றார். நாங்கள் இரண்டு மேதைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரே ஏறி வந்து, கட்டிலின் தலைமாட்டு ஜன்னலில் உன் அப்பா திணித்த பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்து, இரண்டு விரல்கடை திறந்தார். வந்தது பார் காற்று! உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் ஃபேனில் ஒட்டிக்கொண்டது, எதிர்வீட்டுக் கொடியிலிருந்து மூன்று போர்வை ஜன்னல் வழியாக உள்ளே வந்தன, மேலே போன காக்கை ஒன்று பின்னோக்கிப் பறந்தது, நான் மட்டும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பினேன்.

இதையெல்லாம் சட்டைசெய்யாமல் அண்ணி மெத்தையில் படுத்துப் பார்த்தார், காற்று முகத்தின்மேலே போகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, "கொஞ்சம் இறங்குங்க ரெண்டு பேரும்" என்றார். இறங்கினோம். உள்ளேயிருந்து தானே கதவை இழுத்துச் சாத்தினார். உன் அப்பா நின்ற நிலையில் நின்றார். இப்போது திறக்கும், இப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம், கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூரை வழியாகக் குறட்டை வந்தது, ஃபேன் அதைத் தெரு முழுக்க விநியோகம் செய்தது. எங்கள் செருப்பு, தேநீர்க் குடுவை, வீட்டுச் சாவி எல்லாம் உள்ளே. வெயிலில் கால் பொசுக்குகிறது, நான் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். "தட்டாதேடா" என்றார் உன் அப்பா, என் கையைப் பிடித்தவர் முக்கால் மணி நேரம் விடவே இல்லை.

வருகிற வியாழக்கிழமை காலையில் கிளம்புகிறோம். நீ ஒரு வேலை செய், உன் குடியிருப்பில் வண்டி நுழைகிற வாசலின் உயரத்தை அளந்து உடனே தெரிவி, ஃபேன் மூடியோடு வண்டி இப்போது ஒரு சாண் வளர்ந்துவிட்டது, உன் அப்பா ஆர்வத்தில் அப்படியே நுழைந்தால் மறுபடி அரம் பிடிக்க எனக்குத் தெம்பில்லை. கிரேன்மேல் ஏறும்போது கையுறை போடு, வெறும் வயிற்றோடு ஏறாதே, சித்தப்பா மாதிரி வீரம் காட்டாதே. தோள் அளவு அதேதானா என்று கேட்கச் சொன்னார் உன் அப்பா, காரணம் கேட்டால் முறைக்கிறார். உன் வீட்டு ஜன்னல்கள் திறக்குமா என்று அண்ணி கேட்கிறார். நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த உயரமெல்லாம் ஏறி, ஏறிய பிறகு பத்திரமாக இறங்கியும் வந்து, நூறு வருஷம் எங்களை மேய்த்துக்கொண்டு நன்றாக இருக்கவேண்டும்.

உன் அப்பாவின் கையெழுத்துக்கும் சேர்த்துக் கையெழுத்திடும்,
சித்தப்பா

பின்குறிப்பு: எழுதியதைப் படித்துக் காட்டினேன், "புள்ளைகிட்ட இவ்வளவு பொய்யா?" என்று அண்ணி திட்டுகிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். காக்கை பொய், போர்வை பொய், ஓடிப்போன நாய்கள் பொய், ஃபேனைக் கண்டுபிடித்த மேதையும் நானில்லை, அது கடைக்காரர் சொன்ன யோசனை. அண்ணி தானே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார் என்கிற அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.