மொட்டைத் தலையும் முகம் பார்க்கும் மெஷினும்

மார்ச் 9, சனி
வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையில் கரண்ட் இல்லை. மூன்று மாடிக்குத் தண்ணீர் சுமந்தேன். முழங்கால் வலியோடு மனைவி செல்வியை ஏற விட முடியாது.

நான் மூட்டை தூக்கும் அலோன் கிடங்கில் வருகைப் புத்தகம் போய், முகம் பார்க்கும் மெஷின் வந்து மூன்றாவது மாதம். லீவு, சம்பளச் சீட்டு, புகார் எல்லாமே போனில். மூன்று மாதம் ஒரு நாளும் தவறாமல் மெஷினில் பதிந்தால் தினக்கூலி போய் நிரந்தரம். நிரந்தரமானால் மருத்துவ அட்டை. அட்டை வந்தால் செல்விக்கு ஆபரேஷன். இன்னும் ஆறே நாள்.

நிரந்தரமானால் மாரியம்மனுக்கு மொட்டை என்று வேண்டுதல். நாளை திருவிழா.

"இத விட்டா ஒரு வருஷம் காக்கணும். நாளைக்கே போட்டுடுங்க. மிச்சத்த அம்மன் பாத்துக்குவா," என்றாள் செல்வி. வேலை ஆகும் முன்பே நன்றி. சரி.

மார்ச் 10, ஞாயிறு
மொட்டை. "மீசையும் எடுக்கவா?" என்றார் நாவிதர். கொடுப்பதை முழுசாகக் கொடுப்போம் என்ற திமிர் எனக்கு. இருபத்தைந்து வருட மீசை! கண்ணாடியில் பார்த்தால், அவித்த முட்டைக்குக் காது முளைத்த மாதிரி. மகள் ரேவதி சிரித்து முடிக்க அரை மணி.

மார்ச் 11, திங்கள்
சிவப்பு விளக்கு. மெஷினுக்கு ஆள் தெரியவில்லையாம். குனிந்தேன், நிமிர்ந்தேன், இளித்தேன். பின்னால் பெரிய வரிசை. போர்க்லிப்ட் ஓட்டும் கோ மின் விடுவானா? இங்கே எல்லோருக்கும் நான் 'ஊலே', பர்மிய மொழியில் மாமா.

"ஊலே, தலையத் துணியால மூடுங்க! மெஷினுக்குக் கண்ணு கூசுது!"

எச்.ஆர். மா திடா பத்தடி தூரத்தில். பழைய புத்தகத்தில் ஏழு வருடம் என் கையெழுத்தை வாங்கியவள்.

"நான்தாம்மா."

"தெரியுது ஊலே. ஆனா இப்ப என் கையில ஒண்ணுமில்ல. போன்ல டிக்கெட் போடுங்க."

டிக்கெட் என்றால் குறையை எழுதி அனுப்புவது. எழுதினேன்: 'அம்மனுக்கு முடி கொடுத்தேன். மெஷின் ஏற்கவில்லை.' உடனே பதில்: 'தங்கள் கருத்துக்கு நன்றி.'

நாள் முழுக்க மூட்டை ஏற்றினேன். ஆப்பில்: 'வரவில்லை'.

மார்ச் 12, செவ்வாய்
மறுபடி சிவப்பு. செய்து பார்த்தவை:
- தொப்பி. மெஷினுக்கு ஆகாது.
- ரேவதியின் மைப் பென்சிலால் மீசை. வியர்வையில் கரைந்து வாய்க்குள்.
- அம்மனோடு சண்டை. அதற்கும் சிவப்புதான்.

"மெஷின் உங்கள என்ன சொல்லுச்சு?" என்றாள் செல்வி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே.
"ரொம்ப அழகா இருக்கேனாம்."
சிரித்தாள். நான் தட்டைக் கழுவப் போனேன்.

மார்ச் 13, புதன்
இன்றும் சிவப்பு. டீக்கடைக்கு மா திடாவே வந்தாள். என் போனை வாங்கிப் பார்த்தவள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஊலே, இத 'கருத்து'ப் பெட்டியில போட்டிருக்கீங்க. 'முகம் மாற்றம்'னு தனியா இருக்கு பாருங்க. இல்ல, நான் அழுத்த மாட்டேன். நீங்களே."

எட்டாம் வகுப்புப் படிப்பு, மூட்டை தூக்கிக் காய்த்த கட்டைவிரல். அழுத்தினேன். புதுப் படம் எடுத்தாள். கூட வேலை செய்யும் இரண்டு பேர் தங்கள் போனில் 'இவர்தான்' என்று சொன்னால், போன நாட்களும் திரும்பி வருமாம்.

வாசல் காவல்காரர் ஊ சோ யோசிக்கவே இல்லை. "நடையப் பாத்தாலே தெரியுமே," என்று அழுத்திவிட்டார். கோ மின்தான் போனை நீட்டிப் பிடித்து என்னையே உற்றுப் பார்த்தான்.

"இந்த ஆள எங்கயும் பாத்ததில்லையே. மொஹிங்கா சாப்பிட்டா ஞாபகம் வரும்."

இரண்டு கிண்ணம் மீன் நூடுல்ஸ் தின்றபின் ஞாபகம் வந்தது.

மார்ச் 14, வியாழன்
பச்சை! போன மூன்று நாளும் 'வந்தார்' ஆகிவிட்டன. வரிசையில் கைதட்டல். கோ மின் விசில்.

மார்ச் 16, சனி
மாலை போனில் கடிதம். நிரந்தரம். ரேவதி இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம்தான் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். மருத்துவ அட்டைப் படத்திலும் மொட்டைதான். "இருக்கட்டும்," என்றாள், "டாக்டருக்கு அடையாளம் சுலபம்."

மார்ச் 18, திங்கள்
தலையில் லேசாகச் சொரசொரப்பு. பச்சை விளக்குதான், ஆனால் கொஞ்சம் யோசித்தது. பயந்துபோய் மா திடாவிடம் கேட்டேன், மீசை வைத்துக்கொள்ளலாமா என்று.

தலை நிமிராமல் சொன்னாள்: "டிக்கெட் போடுங்க ஊலே."