சொல்லிவிட்டுத் தொடு

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு,

"ஒரு வாரம் நீங்களே அவளுக்குத் தலை சீவிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். இருபது வருடமாகச் சலூன் நடத்துகிறவனிடம் சொல்கிற பேச்சா இது என்று அப்போது சிரித்தேன்.

நேற்றுக் காலை, கடையில் செய்வதுபோல் நம் மகள் தலையில் தண்ணீரைப் பீய்ச்சினேன். அவள் போட்ட அலறலில் மாடி வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்துவிட்டார். அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் சீப்போடு நுழைந்து மண்டையை இடித்துக்கொண்டேன்.

அங்கேதான் எனக்குச் சட்டம் சொன்னாள். "சொல்லிட்டுத் தொடணும். அஞ்சு எண்ணி நிறுத்தணும். நான் சரின்னா மறுபடி. அம்மா அப்படித்தான்." முதலில் விரல், அப்புறம்தான் சீப்பு. அதுவும் நுனியிலிருந்து. ஒற்றைப் பின்னலுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அவள் அழவில்லை. என்னைப் பற்றிக் கேட்காதே.

இன்று கடையில் வங்கி மேலாளரிடம் என்னையறியாமல், "சார், காதுகிட்ட தொடப்போறேன், அஞ்சு எண்ணுறேன்" என்றேன். "என்னய்யா, ஊசியா போடப்போறே?" என்று பாதி முடியோடு எழுந்துவிட்டார்.

தலை சீவ இவ்வளவு நேரமா என்று கேட்டு, "எல்லாம் நீ கொடுக்கிற செல்லம்" என்று அன்று நான் கத்தியதைப் பற்றி எழுத இந்தத் தாளில் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். கதவைத் தட்டப்போகிறேன், இப்போதே சொல்லிவிட்டேன். ஐந்து எண்ணி நிறுத்துவேன். நீ திறக்காவிட்டால், மறுபடி ஒன்றிலிருந்து.

இப்படிக்கு,
இரண்டு நாள் அனுபவமுள்ள முடிதிருத்துநர்