மூன்று முறை சொன்னேன்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே காற்று. காற்றாலைகள் அத்தனையும் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றுகின்றன. இறங்கும்போது விமானம் ஆடியது. இரண்டு குதி குதித்துத்தான் நின்றேன். கூடப் பயிற்சி எடுக்கும் நித்தீஷ் ஷெட் வாசலில் நின்று கைதட்டினான், எருமை.

வகுப்பில் கேப்டன் கிட்டுசாமி மறுபடியும் அதே பாடம். எங்கள் கரட்டுப்பதி ஓடுதளத்தில் டவர் கிடையாது. வா, நில், இறங்கு என்று சொல்ல ஆள் இல்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருந்துகொண்டு, தான் யார், எங்கே இருக்கிறோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவரவரே சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் எதிர்த்திசையில் போகும்போது டவுன்விண்ட். குறுக்கே திரும்பினால் பேஸ். இறங்க நேராக வந்தால் ஃபைனல்.

"பொத்தானை அமுக்கறதுக்கு முந்தி காது குடுத்துக் கேளுங்க. சுருக்கமாச் சொல்லுங்க. ஊட்டுக் கதையெல்லாம் அதுல பேசப்படாது" என்றார்.

அதில் பேசுவதில்லை. வேறு நம்பரில் பேசுகிறோம்! தெற்கே பயிற்சி எல்லைக்குப் போனதும் நானும் நித்தீஷும் யாரும் பயன்படுத்தாத ஒரு நம்பருக்கு ரேடியோவை மாற்றிக்கொள்வோம். யார் வீட்டில் என்ன டிபன், கேப்டனுக்கு இன்று யார்மேல் கோபம், இதுதான் பேச்சு. திரும்பி வரும்போது மறக்காமல் பழைய நம்பருக்கு மாற்றிவிடுவோம். தப்புதான். தெரிந்தே செய்கிற தப்பு. ப்ளஸ் டூவில் கடைசி பெஞ்சில் செய்ததைத்தான் நாலாயிரம் அடி உயரத்தில் செய்கிறோம்.

ஜூன் 17, செவ்வாய்

ஓடுதளத்தில் ஏழு மயில்கள். அவற்றை விரட்டத்தான் மயிலாள் அக்காவை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், பெயர்ப் பொருத்தத்தைச் சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். கழுத்தில் ஒரு கை ரேடியோ தொங்கும். 'ஃபைனல்' என்று காதில் விழுந்தால் குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடிவிடுவார்.

ஜூன் 28, சனி

பட்டியல் ஒட்டிவிட்டார்கள்! தனியாக சேலம் வரை போய்த் திரும்பும் நெடும்பறப்பு. எனக்கு ஜூலை 14, அவனுக்கு 15. இது முடிந்தால்தான் லைசென்ஸ் பக்கம் போக முடியும். அப்பா இரண்டு முறை கேட்டார், "ஒத்தையிலயா கண்ணு?" என்று.

ஜூலை 3, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

நான் தனியாகச் சுற்றில் இருந்தேன். டவுன்விண்ட் சொன்னேன். பேஸ் சொன்னேன். ஃபைனலுக்குத் திரும்புகிறேன் என்றும் சொன்னேன். மூன்று முறை. ஒருவரும் பதில் பேசவில்லை, அதனால் யாரும் இல்லை என்று நினைத்தேன். திரும்பும்போது எதற்கோ வலது பக்கம் பார்த்தேன். ஒரு வெள்ளை விமானம். அதன் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறு தெரிந்தது எனக்கு. அவ்வளவு பக்கம்.

இடது பக்கம் சட்டென்று சாய்த்து, முழு விசை கொடுத்து, மேலே ஏறி விலகிவிட்டேன். கத்தினேனா? தெரியவில்லை. கீழே பார்த்தால் அந்த விமானம் சாவகாசமாக இறங்கி ஓடுகிறது. நித்தீஷ்.

நான் இறங்கி வரும்வரை அவன் விமானத்தை விட்டு இறங்கவில்லை. குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"உன்னைப் பார்க்கவே இல்ல கிருத்தி" என்றான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவன் தோளைத் தட்டி, "விடு, ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்" என்றேன்.

நான்தான் சொன்னேன் அதை.

ஜூலை 4, வெள்ளி

கேப்டன் அறை. அவன் முதலில் பேசினான்.

"அஞ்சு மைல்ல சொன்னேன், மூணு மைல்ல சொன்னேன் சார். கிருத்திகா ஒரு ரேடியோ கால் கூட பண்ணலீங்க. பண்ணியிருந்தா நான் ஒதுங்கியிருப்பேன்."

நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ரேடியோ பேச்சைப் பதிவுசெய்யும் வசதி இங்கே இல்லை. கேப்டன் அந்த நேரம் அறைக்குள் போனில் இருந்திருக்கிறார், ஷெட்டிலும் யாரும் இல்லையாம்.

"ஏம்மிணி, நெசமாச் சொல்லு. வாயில சொன்னியா, மனசுக்குள்ள சொன்னியா? பொத்தானை அமுக்காம பேசறவங்க நிறையப் பேர் உண்டு."

பொத்தானை அமுக்காமல்! முந்நூறு முறை அமுக்கியிருக்கிறேன்.

என் பயிற்சி ஏட்டில் எழுதிவிட்டார்: 'இருப்பிடம் அறிவிக்கவில்லை.' 14-ஆம் தேதி எனக்கு இல்லை. அவனுக்கு 15 அப்படியே.

ஜூலை 5, சனி

தூக்கம் வரவில்லை. ஐந்து மைலில் சொன்னேன் என்றானே, அது பொய்யில்லை என்று தோன்றுகிறது. சொல்லியிருப்பான். எந்த நம்பரில்? பயிற்சி எல்லையிலிருந்து வந்திருக்கிறான். எங்கள் நம்பரை மாற்றாமலே வந்திருக்கிறான். அதனால்தான் அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை, என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. இறங்கியதும் குனிந்து செய்தது அதைத்தான் — நம்பரைத் திருப்பி வைத்திருக்கிறான்.

அப்படியானால் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த அறையில் நின்று அப்படிச் சொல்லியிருக்கிறான்.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்தான். வந்து, உட்கார்ந்து, அம்மா பிழிந்த சந்தகையைத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டான்.

"கிருத்தி பயந்துட்டாங்க அங்கிள். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுமுங்க" என்று அப்பாவிடம் ஆறுதல் வேறு. அப்பா அவன் கையைப் பிடித்து, "நீ பாத்துக்க சாமி" என்கிறார். எனக்குத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

கேட்டருகில் நிறுத்திக் கேட்டேன். "எந்த நம்பர்ல இருந்தே?"

மெதுவாக, "நீயும்தானே அதுல பேசினே. சொன்னா ரெண்டு பேரும் காலி. உனக்கு ஒரு மாசம்தான் தள்ளிப் போகும் கிருத்தி. எனக்கு ஏட்டுல ஒரு வரி ஏறினாலும் அப்பா நிறுத்திடுவாரு" என்றான்.

"அதுக்கு என் ஏட்டுல ஏத்துவியா?"

"நீ சமாளிச்சுக்குவே."

நான் சமாளித்துக்கொள்வேனாம்! என்னைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான். நானும் மாட்டுவேன் என்பதால் வாய் திறக்க மாட்டேன் என்றும் கணக்குப் போட்டிருக்கிறான். அந்த நம்பர் அவன் கண்டுபிடித்தது. 'நமக்கு மட்டும்' என்று சொன்னவன்.

இரவு அப்பா, "ஆவணி வரைக்கும் பாக்கறேன் கண்ணு. ஒத்து வரலீன்னா நம்ம பனியன் யூனிட்டுக்கே வந்துரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

பஸ்ஸில் போனேன். அவன் காரில் இனி ஏறுவதாக இல்லை. மயிலாள் அக்கா கேட்டருகே உட்கார்ந்திருந்தார், முழங்கையில் பெரிய சிராய்ப்பு.

"அன்னைக்கு உழுந்ததுதான் கண்ணு. உம்பட சத்தம் மூணு வாட்டி கேட்டுச்சு, ஓரத்துக்கு வந்துட்டேன். நீ சர்ருனு மேல போயிட்ட. சரி, இனி ஒண்ணும் வராதுன்னு மயிலை முடுக்க மறுக்கா உள்ள போனேன். அந்தப் பையன் ரேடியோவுல சத்தமே இல்லாம மேல வந்துட்டான். உருண்டு உழுந்தேன்."

"கேப்டன்கிட்டச் சொல்லலீங்களா அக்கா?"

"என்னைய ஆரு கேட்டாங்க?"

அந்த அறையில் எனக்கு என்ன ஆனது என்று நாலு நாளாக அழுகிறேனே, இவரை நினைத்தேனா?

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நம்பர், ஏப்ரலிலிருந்து பேசியது, என்னென்ன பேசினோம் என்பது வரை. கேப்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"அப்படி ஒரு நம்பரே எனக்குத் தெரியாதுங்க சார்."

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். முதல் பொய் பயத்தில் வந்தது என்றுகூட ஒரு மூலையில் நினைத்திருந்தேன். இது நிதானமாக வந்தது.

மயிலாள் அக்கா உள்ளே வந்து, என் குரல் மூன்று முறை கேட்டதைச் சொல்லிக் கையைக் காட்டினார். "இவருக்கு இங்கிலீஷே தெரியாதே சார்" என்றான் நித்தீஷ்.

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார். "இங்கிலீசு தெரியாது சாமி. ஃபைனலுன்னா தெரியும். நாலு வருசமா அதைக் கேட்டுத்தான் உசுரோட இருக்கறேன்."

ஜூலை 11, வெள்ளி

தீர்ப்பு. இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து நாள் பறக்கத் தடை. அவன் நெடும்பறப்பு ரத்து. "தன்னையே மாட்டிவிட்டுக்க ஆரும் பொய் சொல்ல மாட்டாங்க" என்றாராம் கேப்டன், அலுவலகத்தில். என் ஏட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார்: 'அலைவரிசை ஒழுங்கை மீறினார்.'

அப்பா இரண்டையும் படித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு? ரெண்டும் தப்புதானே?"

"இல்லீங்கப்பா. இது நான் பண்ணது."

ஜூலை 22, செவ்வாய்

தடை முடியும்வரை அப்பாவின் வீரபாண்டி யூனிட்டில் செக்கிங் டேபிள். டேமேஜ் பீஸ் பிரிக்கிறேன். ஒவ்வொரு பீஸிலும் தைத்தவரின் நம்பர் ஒட்டியிருக்கிறது. ஒருத்தி பிசகை இன்னொருத்தி தலையில் கட்ட முடியாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவனிடமிருந்து போனில் பதினோரு மெசேஜ். ஒன்றிலும் 'பொய் சொன்னேன்' என்ற வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சேலம் போய் வந்துவிட்டேன். தனியாக!

திரும்பும்போது பத்து மைலில், ப்ராவோ கிலோ என்ற என் விமானத்தின் பெயரைச் சொல்லி முதல் அழைப்பு விட்டேன். "கரட்டுப்பதி டிராஃபிக், ப்ராவோ கிலோ, கிழக்கே பத்து மைல், நேராக இறங்க வருகிறேன்." சுற்றில் அவன் இருந்தான். இன்றுதான் அவனும் மறுபடி பறக்கிறான். டவுன்விண்டில் இருப்பதாகச் சொன்னான், எனக்குப் பின்னால் வருவதாகச் சொன்னான். எல்லாம் ஒழுங்கு. பிறகு பொத்தானை விடாமலே பேசினான்.

"கிருத்தி, நான் பொய் சொன்னேன். அன்னைக்கு நம்பரை மாத்த மறந்தது நான்தான். மன்னிச்சுக்கோ."

அந்த அலைவரிசையில். கேப்டன், மயிலாள் அக்கா, ஷெட்டில் நிற்கும் பையன்கள், எல்லோர் காதிலும் விழ. இரண்டு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன்? என் பதிலுக்காக எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பொத்தானை அமுக்கினேன்.

"கரட்டுப்பதி டிராஃபிக், ப்ராவோ கிலோ, மூன்று மைல், ஃபைனல்."

அவன் டவுன்விண்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். அங்கேதான் இருக்கிறானா என்று இரண்டு முறை கண்ணால் தேடிப் பார்த்த பிறகே இறங்கினேன்.