அப்பாவைக் கேட்டு வாங்கிய பானைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூத்த மகள் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். கடிதத்தைப் பிரித்ததும் இந்த வரியைத்தான் தேடுவீர்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். உங்களிடமிருந்து நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. நீங்கள் இருக்கும் முகாமில் தபால் மெதுவாகத்தான் நகரும் என்கிறாள் அம்மா. நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பெரிய பானையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவும் சின்னவளும் தூங்குகிறார்கள். மூன்று பேர் இருக்கும் இந்த வீட்டில் ஐந்து பெரிய பானைகள் இருக்கின்றன. அது எப்படி என்று அம்மாவுக்கே தெரியாது. கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

வீடு நன்றாக இருக்கிறது. கீழே சலவைக் கடை, மேலே நாங்கள். இயந்திரம் ஓடும்போது எங்கள் தரை வெதுவெதுப்பாகிவிடும். சின்னவள் மத்தியானம் வெறும் தரையிலேயே தூங்கிவிடுகிறாள். இந்த ஊர்க்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து எங்களுக்காக வீடு பிடித்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் அடிக்கடி வருவார்கள். ஒருவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பஸ் மாமா. அம்மாவுக்கு வழி தெரியவேண்டும் என்று எங்களை பஸ்ஸில் ஏற்றி, கடைசி நிறுத்தம்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினார். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இங்க மெதுவா போப்பா, பள்ளம் இருக்கு" என்று அவருக்கும் பாடம் நடத்தினார். இன்னொருவர் மருந்துக்கடையில் வேலை செய்யும் அக்கா. வேலை முடிந்து வந்து, களைப்பாக இருந்தாலும் என் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வழி நெடுக அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். "யூனிஃபார்ம் போட்டவங்க யார் கேட்டாலும், அப்பா செத்துட்டாருன்னு சொல்லிடு. அப்பதான் அவரைத் தேட மாட்டாங்க" என்றாள். நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட பிறகு எத்தனை இடத்தில் அப்படிச் சொன்னேனோ தெரியாது.

இங்கே வந்த முதல் நாள், அக்கா சமையல் மேடையில் ஒரு படிவத்தை விரித்து என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த ஊர்ப் பாஷை எங்கள் மூவரில் எனக்கு மட்டும்தான் தெரியும். பஸ் மாமா பக்கத்தில் நின்றார். ஓய்வு பெற்றபிறகும் அவர் அந்தப் பழைய நீலக் கோட்டைத்தான் போடுவார். பித்தளைப் பொத்தான், நெஞ்சில் ஒரு பட்டை. "அப்பா?" என்று அக்கா கேட்டார். நான் கோட்டைப் பார்த்தேன். செத்துவிட்டார் என்று வாய் சொல்லிவிட்டது.

அக்கா பேனாவைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? படிவத்தில் ஒரு பொய் எழுதியதற்காக ஒரு குடும்பத்தையே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று, வழியில் நாங்கள் தங்கிய முகாமில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் என் வயதில் ஒருத்தி இருந்தாளாம்.

அம்மா உங்கள் படத்தைக் காட்டினாள். அக்கா அதை வாங்கிப்போய்க் கறுப்புச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். "பாத்தியா, உங்க அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. வாசலுக்கு எதிரே அதை மாட்டி வைத்திருக்கிறாள்.

அம்மா சும்மா இருப்பாளா? "அவரை எப்படி இங்க கூட்டிட்டு வர்றதுன்னு கேளு" என்றாள். பஸ் மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு ஒரு பெரிய பானை வேணுமாம்" என்றேன். அடுப்பில் ஒரு சின்ன பாத்திரம் இருந்தது, அதனால் வாயில் வந்தது. மறுநாளே பானை வந்தது. அடுத்த வாரம் அம்மா மறுபடி கேட்டாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பயத்தில் புதிய பொய்கூட வரமாட்டேன் என்கிறது, அப்பா. "உங்கம்மா ஊருக்கே சமைக்கப் போறாங்களா?" என்று அக்கா சிரித்தார். அம்மா என்னிடம், "நல்ல மனுஷங்கதான். ஆனா உங்கப்பா பேச்சை எடுத்தாலே பாத்திரத்தைத் தூக்கிட்டு வர்றாங்களே" என்றாள்.

சின்னவள் ஒருநாள் பஸ் மாமாவின் கன்னத்தைத் தடவி, "எங்க அப்பா தாடி இதைவிட குத்தும்" என்றாள். என்ன சொன்னாள் என்று மாமா கேட்டார். அதை மட்டும் உள்ளபடி சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இன்று சாயங்காலம் அவர் சொன்ன செய்தியால்தான் தூக்கம் போனது. நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு வக்கீலம்மா வருகிறார். அந்தப் பக்கம் நின்றுவிட்டவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள மனு எழுதித் தருவாராம். வந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. "உங்களுக்கு யாரும் இல்லன்னு தெரியும்மா. இருந்தாலும் வந்துட்டுப் போகட்டும்" என்றார். என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டாள். இன்னொரு பானை வேண்டுமா என்று கேட்கிறார் என்றேன்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பாலத்தில்கூட அவள் அழவில்லை, அப்பா.

மாமாவின் கோட்டில் மேல் பையின் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கிக்கொள்ளச் சொல்லி, அதை அம்மா கேட்டு வாங்கி வைத்தாள். அழுது முடித்து, அதே கையோடு தைத்தாள். இப்போது கோட்டு இந்தக் கதவில்தான் தொங்குகிறது. அந்தப் பையில் அவருடைய மூக்குக் கண்ணாடி இருக்கிறது. அது இல்லாமல் அவரால் எதையும் படிக்கமுடியாது. வக்கீலம்மாவின் காகிதத்தைப் படிக்கக் கட்டாயம் கையை விடுவார். அவர்கள் பாஷையில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, கண்ணாடிக்கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். "எங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். பொய் சொன்னது நான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அம்மாவையும் தங்கையையும் அனுப்பிவிடாதீர்கள்."

சின்னவளையும் சேர்த்துத்தான் எழுதினேன். என்னைப் பற்றி எழுத இடம் போதவில்லை.

பொத்தானைப் போட்டுவிட்டேன். விடிவதற்குள் அதை நானே திரும்பக் கழற்றிவிடாமல் இருக்க வேண்டும். அதற்கு உங்கள் ஆசீர்வாதம் வேண்டும், அப்பா.

இன்னும் ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரியாவது எழுதிப் போடுங்கள். திட்டி எழுதினாலும் போதும். நான் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மகள்,
மூத்தவள்