நாலு ஆள் உயரப் பரண்

உ
சிவமயம்

புட்ஸ்கிரே,
மெல்போன்.
6.6.1976

அன்புள்ள மகன் சிறிதரனுக்கு,

அப்பா எழுதுவது. சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பலசரக்குக் கடையில் சனம் நிற்கும்போதே உடைத்துவிட்டேன். அரைவாசி வாசித்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். கடை திறந்த மூன்று வருஷத்தில் பட்டப்பகலில் பூட்டியது இதுதான் முதல் தரம்.

அம்மாவுக்கு முகத்தில் முப்பத்தொரு தையல் என்று எழுதியிருக்கிறாய். அந்த எண்ணை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காட்டில் பாலைப்பழம் பொறுக்கப் போன பெண்ணைக் கரடி கிழிக்கும் என்று யார் நினைத்தது? யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் மூன்று பேரும் கரடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். விசுவமடுவில் காணி கொடுக்கிறார்கள், மிளகாய் நட்டால் நல்ல விலை போகும் என்று உங்களை வன்னிக்கு அனுப்பியவன் நான். அதை நீ எழுதாமல் விட்டாலும் எனக்குத் தெரியும்.

கரடியைச் சுட வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அங்கே வேட்டைக்காரர் இருந்தால் விசாரித்து எழுதுங்கோ என்று கேட்டிருக்கிறாய். வேறு தகப்பன் என்றால் வேண்டாம் என்று எழுதுவான். நான் எழுதமாட்டேன். அது உயிரோடு திரிகிறது என்று நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நாட்டுக் காட்டில் கரடி இல்லை. ஆனால் பக்கத்துக் கடை இறைச்சிக்காரன் யோசிப் யூகோஸ்லாவியாக்காரன். ஊரில் தகப்பனோடு போய் நாலு கரடி சுட்டவன். நேற்றுப் பின்னேரம் அவனைப் பிடித்து உட்கார வைத்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

முதல் தரம் போகிறவன் நிலத்தில் நிற்கவே கூடாதாம். கரடி பழம் தின்ன வரும் இடத்தைப் பார்த்து, நல்ல தடித்த மரத்தில் நாலு ஆள் உயரத்தில் பரண் கட்ட வேண்டும். அதற்கு மேலே கரடியால் ஒன்றும் செய்ய முடியாது, நீ தொட்டிலில் இருக்கிற பிள்ளை மாதிரி என்றான். காற்று உன் பக்கத்திலிருந்து அதன் பக்கம் வீசினால் அன்றைக்கு இறங்கி வீட்டுக்குப் போ. தலையில் சுடாதே, மண்டை ஓட்டில் வெடி வழுக்கும். முன்னங்காலுக்குப் பின்னால், தோளை ஒட்டிச் சுடு. அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறு. காயப்பட்டு ஓடினால் பின்னால் போகாதே. மகனிடம் இருப்பது குழாய்க்குள் மருந்து இடித்துச் சுடுகிற இடியன் துவக்கு, ஒரு வெடிதான் என்றேன். அப்படியென்றால் பரண் இன்னும் முக்கியம், மேலே இருந்து ஆறுதலாக மருந்து இடித்து அடுத்த வெடி வைக்கலாம் என்றான்.

ஒன்று கவனம். துவக்கை உங்கள் ஊர்ப் பெரியவர் வீரகத்தியாரிடம் பன்றிக்கு என்று சொல்லி இரவல் வாங்கினது நல்ல வேலை. அப்படியே இருக்கட்டும். லைசென்ஸ் இல்லாத துவக்கு. ஊரில் ஒருத்தருக்கும் மூச்சு விடாதே. விஷயத்தை இரண்டு பேர் தெரிந்துவைத்திருந்தால் அது சந்தைக்கு வந்துவிட்ட மாதிரி. உங்கள் விசா விண்ணப்பம் உள்ளே இருக்கிற நேரம், ஒரு பொலிஸ் கேஸ் வந்தால் எல்லாம் போச்சு.

சுட்டதும் அதன் நகம் ஒன்றை எடுத்து வை. நான் அதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
சி. இரத்தினசிங்கம்


உ

புட்ஸ்கிரே,
மெல்போன்.
10.6.1976

மகன் சிறிதரனுக்கு,

முதலில் இதை வாசி. மற்றதைப் பிறகு வாசிக்கலாம்.

பரண் கட்டாதே. கட்டியிருந்தால் ஏறாதே. எங்கள் நாட்டுக் கரடி மரம் ஏறும்.

தந்தி கிடைத்ததோ தெரியாது. கிடைத்திருந்தால் இதெல்லாம் இரண்டாந்தரம் வாசிக்கிறாய். பரவாயில்லை, நூறு தரம் எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

நேற்று சிவனேஸ்வரி கடைக்கு வந்தாள். இங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ், வன்னியில் முள்ளியவளைப் பிள்ளை, மாதம் ஒருக்கால் மிளகாய்த்தூள் வாங்க வருவாள். அம்மாவின் விஷயத்தை அவளிடம் சொன்னேன். சொல்லியதோடு நிற்காமல், மகனுக்குப் பரண் கட்டும் விதமெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று பெருமையும் அடித்தேன். அவள் பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. “அங்கிள், உங்களுக்கென்ன விசரே? எங்கட கரடி மரமேறுமெல்லோ. தேனுக்கு ஏறும், பழத்துக்கு ஏறும். பாலைமரத்தில பரண் கட்டுறதெண்டா அதின்ர சாப்பாட்டுக் கோப்பைக்குள்ள போய்க் குந்தியிருக்கிற மாதிரி” என்றாள். பிறகு குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாள். “அன்ரி கீழே பழம் பொறுக்கேக்க அது மேலே கொப்பிலதான் இருந்திருக்கும். பயந்து இறங்கேக்க அன்ரி நிண்டிருப்பா.”

அம்மா அதைக் காணவில்லை, பின்னாலிருந்து வந்தது என்று நீ எழுதியிருந்தாய். பின்னாலிருந்து வரவில்லை மகன். மேலேயிருந்து வந்திருக்கிறது. உனக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. வன்னியில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வீரகத்தியாரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அவர் துவக்கையும் பறித்து உனக்கு இரண்டு அறையும் தந்திருப்பார். கேட்க விடாமல் உன் வாயை அடைத்தவன் நான்.

யோசிப்பின் கடைக்குள் போய்ச் சனத்துக்கு முன்னால் சத்தம் போட்டேன். அவன் கத்தியை வைத்துவிட்டு, அவனுடைய ஊர்க் கரடி மாடு மாதிரிப் பாரம், வளர்ந்தது மரம் ஏறாது என்றான். எங்கள் கரடி எப்படியென்று ஏன் கேட்கவில்லை என்றேன். நீ ஏன் சொல்லவில்லை என்றான். அவனில் பிழை இல்லை. தனக்குத் தெரிந்ததை நல்ல மனத்தோடு சொன்னான். மல்லி மூடை வாங்கினாலும் கையை அடிவரை விட்டு, அடியில் கிடக்கிறதை எடுத்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறவன் நான். இந்த ஒன்றை மட்டும் பாராமல் வாங்கி என் பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன்.

கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தபால் கந்தோருக்கு ஓடினேன். திங்கட்கிழமை போட்டது செவ்வாய்க்கிழமையே விமானம் ஏறிவிட்டது என்றார்கள். பிறகு நகரத்துப் பெரிய தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி எழுதினேன். மரத்தில் ஏறாதே, கரடி ஏறும், திரும்பி வீட்டுக்குப் போ. கவுண்டரில் இருந்த பெட்டை வாசித்துவிட்டுச் சிரித்தாள். இது ஏதும் பகிடியா என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்லை எண்ணினாள். உங்கள் கூட்டுறவுக் கடை விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து உன் காணிக்கு நாலு கட்டை தூரம் நடக்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் பாதையில் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய்.

இன்றைக்குக் காலையிலிருந்து உங்கள் பக்கத்து முல்லைத்தீவுத் தபால் கந்தோருக்கு ஒரு டெலிபோன் கோல் எடுக்கக் காத்திருந்தேன். நாலு மணிக்குக் கொழும்பு மட்டும் கிடைத்தது. ஒரு பெண் பிள்ளை, “முல்லைத்தீவு லைன் விழுந்துபோய்க் கிடக்குது ஐயா, நாளைக்கு எடுத்துப் பாருங்கோ” என்றாள். நாளைக்கு என்ற சொல்லை அவ்வளவு லேசாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். நீ அதை என் வாயால்தான் அறிய வேண்டும். முல்லைத்தீவுப் பொலிசுக்கு ஒரு தந்தி அடித்தேன். என் மகனிடம் லைசென்ஸ் இல்லாத துவக்கு இருக்கிறது, விலாசம் இது, இன்றைக்கே பிடியுங்கள் என்று. என் பெயரையும் போட்டேன். ஜீப் வந்து உன்னை ஏற்றியிருந்தால் வீரகத்தியாரையோ பக்கத்துக் காணிப் பொடியன்களையோ சந்தேகப்படாதே. காட்டிக்கொடுத்தவன் உன் அப்பன். கேஸ் விழுந்தால் விசா கிடையாது என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். நீ மறியற்சாலையில் இருந்தால் சுவருக்குள்ளே, நிலத்தில், உயிரோடு இருப்பாய். விசா இல்லாவிட்டால் நான் அங்கே வந்து மிளகாய்க்குத் தண்ணீர் கட்டுகிறேன். மூன்று வருஷம் முன்பு கையில் ஒரு பெட்டியோடு வந்தவன், அதே பெட்டியோடு திரும்பி வரத் தெரியாதா?

பொலிஸ் வராவிட்டால் நீயே செய்ய வேண்டியது இதுதான். துவக்கைத் துணியில் சுற்றி வீரகத்தியாரிடம் கொண்டுபோ. பன்றிக்கு அல்ல, கரடிக்கு என்று உண்மையைச் சொல். ஏசுவார், கேட்டுக்கொண்டு நில். சிவனேஸ்வரி சொன்னாள், பாலைப்பழம் இந்த மாதம் முடிய முடிந்துவிடுமாம், பழம் முடிந்தால் கரடி உள்காட்டுக்குப் போய்விடுமாம். அது போகட்டும். அது வேட்டையாட வரவில்லை, பழம் தின்ன வந்தது. அம்மாவும் அதற்குத்தான் போனாள். நான் கேட்ட நகம் எனக்கு வேண்டாம். உன் வயது இருபத்திரண்டு. முதலில் சுடப் பழகுவது கரடியில் அல்ல. ஒன்றிலும் பழக வேண்டாம்.

வியாபாரத்தில் எத்தனையோ தரம் பிழைவிட்டிருக்கிறேன். பூச்சி பிடித்த கடலை, ஈரம் ஏறிய தேயிலை, எல்லாவற்றையும் வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பிழை எனக்கு முன்னால் நாலு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பிடிக்க முடியாது. தந்தி பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழை பெய்து உன்னை மறித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குக் காற்று பிழையாக அடித்து நீ திரும்பி வந்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடை திறக்கவில்லை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு, அப்பாவின் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். முந்தின கடிதத்தில் பரண் பகுதியை அவளுக்கு வாசித்திருக்கமாட்டாய். இதில் ஒரு வரியும் விடாமல் வாசி. இனி எழுதுவது அவளுக்கு.

இராஜேஸ்வரி, இந்தக் குரல் சிறிதரனுடையது என்றால் கையை நீட்டி அவனைப் பிடித்துக்கொள். பழம் முடியுமட்டும் விடாதே. பிள்ளை கோபித்தாலும் விடாதே. என்மேல் உனக்கு இருக்கிற கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், எனக்கு அவ்வளவும் வேண்டும்.

இதை வாசிப்பது வேறு ஒருத்தருடைய குரல் என்றால், அவரை நிறுத்தச் சொல்லி, என் பிள்ளை எங்கே என்று கேள். இங்கேயிருந்து நான் கேட்டால் ஒருத்தருக்கும் கேட்குதில்லை.

பிள்ளையார் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும். இரண்டு பேரையும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா
சி. இரத்தினசிங்கம்