தோற்றவர்களுக்குப் புளிசாதம்

அம்மா,

காலையில் எங்கள் குடியிருப்பு மைதானத்தில் காவலாளி சுண்ணாம்புப் பொடியைத் தூவிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். குடியரசு தினத்துக்குப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம், பெரியவர்களுக்குக் கயிறிழுத்தல். நான்காவது மாடி ஜன்னல் வரைக்கும் அந்த நெடி வந்தது. அடுப்பில் பால் இருந்தது. அதை அணைத்தேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் லிஃப்டில் இறங்கிப் போய், நைட்டியோடு கோட்டின் ஓரத்தில் நின்றேன். "க்யா ஹுவா மேடம்?" என்று காவலாளி கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மற்ற பெண்களுக்கு அம்மா என்றால் மல்லிப்பூவோ மஞ்சளோ நினைவுக்கு வரும். எனக்குச் சுண்ணாம்புப் பொடி. காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஏற்கெனவே மூன்று முறை எழுந்தாயிற்று.

பூனாவை ஒட்டிய பிம்ப்ரியில் ஊசிமருந்துக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை உனக்கு. முதல் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், போபோடியில் நம் வீட்டுக்குப் பஸ் பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு காலேஜின் மதில். அதில் ஓரிடத்தில் கல் பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் நீ முதன்முதலில் பெண்கள் கோ-கோ ஆடுவதைப் பார்த்தாய். ஒரு பஸ்ஸை விட்டாய். மறுநாள் இரண்டு. அதற்குப் பிறகு வீட்டுக்கு நீ எப்போது வருவாய் என்று யாருக்கும் தெரியாமல் போனது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் சைரன் அடித்தால் கிளம்பி சைரன் அடித்தால் திரும்பும் அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. "பஸ்ஸ வுட்டுட்டு செவுத்தப் பாத்துகினு நிக்கிற பொம்பளைய நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

பிறகு ஓட்டை போதவில்லை உனக்கு. ஒரு நாள் நேராக வாசலுக்கே போய்விட்டாய். வாட்ச்மேன் மறித்து, எந்தப் பெண்ணுடைய அம்மா என்று இந்தியில் கேட்டானாம். "ஸப் கா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாயாம். அன்று ராத்திரி எங்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். எல்லாருக்கும் அம்மா என்றால் எனக்கு யார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். எட்டாவது படிக்கிற வயதில் அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அந்த ஆட்டம் உனக்காகவே செய்தது போல இருந்தது. வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருப்பார்கள். துரத்துகிறவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு 'கோ' என்றதும் குந்தியிருந்தவள் துள்ளி எழுந்து ஓட வேண்டும். நீ பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டே இருப்பாய். கையில் சாப்பாட்டுப் பை, வாயில் முந்தானை நுனி. "கொஞ்சம் உக்காருங்களேன்" என்று பக்கத்தில் யாராவது சொன்னால், "அதுங்க ஓடுதுங்க, நான் உக்காந்துகினு இருக்கறதா?" என்பாய்.

அப்புறம் அந்தப் புளிசாதம். ஆட்ட நாளென்றால் விடியற்காலையில் பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையக் கிளறிக்கொண்டு கிளம்புவாய். காலேஜ் தோற்றால் மட்டும்தான் தூக்கு திறக்கும். "கெலிச்சவங்களுக்கு அல்லாரும் குடுப்பாங்க. தோத்ததுங்களுக்கு யாரு குடுப்பா?" என்று அதற்கு நியாயம் வேறு. ஜெயித்துவிட்டால் தூக்கு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும், ராத்திரி எங்கள் தட்டில் விழும். அப்பா ஒரு வாய் போட்டுவிட்டு, "இன்னாடீ, கெலிச்சிட்டாளுங்களா?" என்பார். நல்ல அணியாக இருந்த வருடங்களில் எங்களுக்குப் புளிசாதம் என்றாலே வெறுத்துப்போய்விட்டது.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது வைஷாலி என்று ஒரு பெண் கேப்டனாக வந்தாள். தூக்கைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாது. தோற்கப்போகிறோம் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாயே என்று பயம். "மௌஷி, டப்பா நக்கோ", சித்தி, தூக்கு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நீ விட்டுவிடுகிற ஆளா? தூக்கைத் துப்பட்டாவில் மூட்டை கட்டி, துணி தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று அவளிடமே பொய் சொன்னாய். அன்று தோற்றார்கள். மூட்டையை அவிழ்த்ததும் முதலில் கை நீட்டியது அவள்தான்.

உன் கத்தல் வேறு ஒரு கதை. மராத்தி உனக்குக் கடைத்தெரு மட்டும்தான், ஆவேசம் வந்தால் வேலூர்த் தமிழ்தான். "ஓட்றீ, திரும்பாதே, கம்பத்துக்குப் போ" என்று நீ கத்த, எதிரணிப் பயிற்சியாளர் ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். வெளியிலிருந்து ஒரு அம்மாள் புரியாத பாஷையில் ரகசியமாக யோசனை சொல்லித் தருகிறாளாம். நடுவர் வந்து, என்ன சொன்னாய் என்று கேட்டார். "மே ஸிர்ஃப் பாகோ போலி, ஸாப்" என்றாய், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. ஓடு என்று மட்டும் சொன்னேன் என்றால் எவர்தான் என்ன செய்ய முடியும்?

இதையெல்லாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்று எனக்கு வயிறெரிந்தது. நான் பள்ளியில் கோ-கோவில் சேர்ந்ததே உனக்காகத்தான். அந்தப் பெண்களைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை நீ என்னைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். என் பள்ளி ஆட்டங்கள் பாதி நாள் உன் காலேஜ் ஆட்டங்களோடு மோதிக்கொள்ளும். மோதிய நாளெல்லாம் நீ அங்கேதான் போனாய். திரும்பி வந்து, "நீ இன்னா பண்ணே?" என்று கேட்பாய். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் கண் எங்கோ போய்விடும்.

என் மார்க்குக்கு உன் காலேஜில் இடம் கிடைக்கவில்லை. நகரத்துக்குள் இன்னொன்றில் கிடைத்தது. முதல் வருடமே என்னை அணியில் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் யாரும் யாரும் மோதினார்கள் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நீ முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தாய். எதிரே போய் நின்றேன்.

"யாருக்கும்மா இது?"

"யாரு தோக்குறாங்களோ அவங்களுக்கு."

"நீ எந்தப் பக்கம் நிப்பே?"

முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாய். "காலுக்கு எண்ணெ தேச்சிகினு படு. நாளைக்கி சதை புட்ச்சிக்கும்" என்றாய். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அவருக்குப் பதில் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. நான் மட்டும் நம்பிக்கொண்டு எண்ணெய் தேய்த்தேன்.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் புள்ளி சமம். அவர்கள் துரத்துகிறார்கள், எங்கள் பக்கம் ஓட நான் ஒருத்திதான் மிச்சம். பிடிபட்டால் அவர்களுக்குக் கோப்பை. விசில் வரைக்கும் தாக்குப்பிடித்தால் ஆட்டம் நீளும். நான் நன்றாகத்தான் ஓடினேன், அம்மா. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வரிசைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தேன், இரண்டு பேர் ஏமாந்தார்கள். வைஷாலி எழுந்தாள். நான் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது அந்தக் குரல் கேட்டது.

"புட்றீ. புட்றீ அவள. வுடாதே."

அந்த மைதானத்தில் அத்தனை பேரில் எனக்கு மட்டும் முழுசாகப் புரிந்த பாஷை. என் கால் ஒரு கணம் நின்றதா, இல்லை அவள் பாய்ச்சல்தான் அத்தனை வேகமா? பல வருடமாக எனக்குள் வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வைஷாலி தரையோடு பாய்ந்து என் கணுக்காலைத் தொட்டாள். அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் மண்ணில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன். நீ முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் நீ மைதானத்தைக் குறுக்கே கடந்து எங்கள் பக்கம் வந்தாய். தூக்கோடு. அது உன் சட்டம், பெற்ற மகளுக்காக அதை மாற்ற மாட்டாய். யார் இந்த அம்மாள் என்று என் அணியினர் என்னைப் பார்த்தார்கள், சொன்னேன். நீ கத்தியதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஆனாலும் பசி, தின்றார்கள். தூக்கின் மூடியில் எனக்கென்று எடுத்துவைத்து நீட்டினாய்.

"துன்னுடீ."

"என்னப் புடிக்கச் சொன்னியே."

"ஆமா, சொன்னேன்" என்றாய். "நீ நல்லா ஓடுனே. சுமாரா ஓடியிருந்தா சொல்லவே தேவல, அதுங்களே புட்ச்சிருக்கும்."

நான் தின்னவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் இருவரும் நின்றுகொண்டே வந்தோம். மூடியிலிருந்ததை நீயே பஸ்ஸில் தின்று தீர்த்தாய். எனக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. நான் பல நாள் உன்னோடு பேசவில்லை, நீயும் வந்து கெஞ்சவில்லை. அதன் பிறகு நான் மூன்று வருடம் ஆடினேன். உன் காலேஜோடு மோதாத ஆட்டங்களுக்கெல்லாம் வந்து எனக்காகத் தொண்டை கிழியக் கத்தினாய். மோதினால் அந்தப் பக்கம். இதில் ஒளிவுமறைவே வைத்துக்கொள்ளவில்லை நீ.

அப்பா போய், கம்பெனியும் உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு என்னோடு மகர்பட்டாவுக்கு வந்தாய். இந்த ஃப்ளாட் உனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பால்கனிக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பாய். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் நடந்தாய். ஒரு மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கேட்டேன். உனக்கு நான் முக்கியமா, அந்தக் காலேஜ் முக்கியமா என்று. முப்பதை நெருங்கும் ஒரு பெண், ஆபீஸில் பத்துப் பேரை மேய்ப்பவள், இப்படிக் கேட்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

நீ உட்காராமலேயே பதில் சொன்னாய்.

"பூனாவுக்கு உங்கப்பா இட்டாந்தாரு. கம்பெனில உங்க பெரிப்பா சேத்துவுட்டாரு. அப்புறம் நீ பொறந்தே. எத்தயும் நான் கேட்டு வாங்கல, அதும்பாட்டுக்கு வந்துச்சி. வந்ததுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா அந்தக் காலேஜ் நானா போயி புட்ச்சிகினது. உனக்காக அத்தயும் வுட்டுட்டா, என்னுதுன்னு இன்னா இருக்குது?"

வலித்தது, அம்மா. அதும்பாட்டுக்கு வந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டாயே என்று குளியலறையில் போய் அழுதேன். வெளியே வந்தபோது நீ மறுபடி நடந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "டீ போடட்டா?" என்றாய். நான் போடுகிறேன் என்றேன். அடுப்படியில் நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன். இந்தப் படிப்பு, இந்த வேலை, இந்த வீடு, எதை நான் நானாகப் போய்ப் பிடித்தேன்? கோ-கோவைக்கூட உனக்காகத்தான் பிடித்தேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை ஓரிடத்தில் உட்கார விடுவதில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் சேலைகளைத் தங்கச்சிமுறைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். பொறாமையை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை, அது என்னிடமே இருக்கிறது. மராத்திப் பேப்பரில் உள்ளூர் விளையாட்டுப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், உன் காலேஜின் பெயர் இருக்கிறதா என்று. ஜெயித்தால் பேப்பரை மடக்கிப் போட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரர், "ஒனக்கும் அந்த காலேஜுக்கும் என்ன தகராறு?" என்கிறார். கோயம்புத்தூர்க்காரர், கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர். அவருக்கு இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

நேற்றைய பேப்பரில் இருந்தது. அரையிறுதி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். படித்ததும், "நல்லா வேணும்" என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன அடுத்த நொடி எழுந்துவிட்டேன். பால்கனி, சமையல்கட்டு, மறுபடி பால்கனி. இந்தச் செய்தியை எப்படிச் சொன்னால் உனக்குத் தாங்கும், சாப்பிட்ட பிறகு சொல்லலாமா, அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்களா என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்தேன். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். உனக்குச் சொல்வதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

தோத்துட்டாங்கம்மா.