இரண்டாவது அடி

என் கையால் தலைவாரிப் பள்ளிக்கு அழைத்துப்போன என் பத்மாவுக்கு,

நீ போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தவள் நான். இப்போது உயிரோடு இருக்கிற யாரும் எனக்குக் காது கொடுப்பதில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், உன் பெயரையும் சேர்த்து. அதற்காக வருத்தப்படாதே.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் வசந்தாவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு அல்சூர். பையன் குடிக்க மாட்டான், அம்மா சொல்லைத் தட்ட மாட்டான். இரண்டாவதைக் குணம் என்பதா குறை என்பதா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

கல்யாணத்தை நான் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்பாயா? ஏழு வயதிலிருந்து அவளுக்குச் சோறு போட்டு, இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து வளர்த்தவள், தாலி இழந்தவள் என்பதால் தாலி கட்டும் நேரத்தில் எதிரில் இருக்கக் கூடாதாம். உன் வீட்டுக்காரர் நேரில் சொல்லத் துணியாமல் சுற்றி வளைத்தார். "வீட்டையும் யாராவது பாத்துக்கணும் இல்லீங்களா அக்கா?" என்றார். புரிந்தது என்றேன். விடியற்காலையில், யாரும் எழுந்திருக்கும் முன், பின்னறையில் வைத்து அவளுக்கு ஒட்டியாணத்தை நானே கட்டிவிட்டேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த கல்யாணம்.

ஜட்கா வண்டிகள் கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "அக்கா வீட்லதான் இருக்காங்க. சாவி எல்லாம் அவங்ககிட்டதான். ஒண்ணும் பயம் இல்ல." பெண்ணை அழைத்துப்போக வந்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் அக்கா புருஷனும் ஒருவன். மாமியார் வீட்டிலேயே குடியிருக்கும் வீட்டோடு மாப்பிள்ளை. மாற்றின பெயர்கூட அவனுக்குத் தர மாட்டேன்.

முகூர்த்த நேரத்தில் நான் வசந்தாவின் பட்டு ரவிக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்கால வரவேற்புக்கு அவள் போட்டுக்கொள்ள வேண்டியது. பட்டை வண்ணானிடம் நான் கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். பெட்டியில் கரி நன்றாகக் கனன்றிருந்தது. அந்த அக்கா புருஷன் வந்து கதவைத் தட்டினான். பெட்டியைக் கையில் பிடித்தபடியே திறந்தேன்.

"பெரியம்மா, ஒட்டியாணத்தை மறந்துட்டு வந்துட்டாங்களாம். பீரோ சாவியக் குடுங்க, சீக்கிரம்" என்றான்.

"ஒட்டியாணம் பொண்ணு இடுப்புல இருக்கு. நான் கட்டினேன்" என்றேன்.

அவன் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன் பார், அது என் முட்டாள்தனம். கதவைச் சாத்தினான். என் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்தான். நான் கத்த வாயைத் திறந்ததும் ஒரு கையால் என் கழுத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மூச்சு நின்றது, பத்மா. கண்ணுக்கு முன்னால் கறுத்தது. என் வலது கையில் இஸ்திரிப் பெட்டி இன்னும் இருந்தது. அடித்தேன்.

கன்னத்தில் பட்டது. கையை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தான். "ஐயோ, வேணாம், வேணாம்" என்று அழுதான். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

நான் மறுபடியும் அடித்தேன்.

ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று கான்வென்டில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே. அவன் காட்டவில்லை. நான்தான் தேடிப்போய் அடித்தேன். பெட்டி திறந்து, நெருப்பு தரையெல்லாம் சிதறியது. அவன் ஓடிவிட்டான்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் கன்னடத்து அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏனாயித்தம்மா?" என்று கேட்டாள். "ஏனில்லம்மா, ஒண்ணுமில்ல, பெட்டி கீழே விழுந்தது" என்றேன். பொய் சொல்லத் தொடங்கியது நான்தான், மற்றவர்கள் அதற்குப் பிறகுதான். இடுக்கியால் கரியைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். ரவிக்கையின் பாதி பாக்கியிருந்தது. அதையும் போட்டு முடித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

எனக்குள் என்ன இருந்தது என்று கேள். பயம் இருந்தது. அருவருப்பு இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது அடியின்போது இருந்தது இரண்டுமில்லை, சந்தோஷம். முதல் அடி என் உயிர் அடித்தது. இரண்டாவதை நான் அடித்தேன். அதை யாருக்கு அடித்தேன்? அவனுக்கு மட்டும்தானா? அந்த நேரத்தில் கல்யாணச் சத்திரத்தில் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. என்னை வீட்டில் உட்காரவைத்த அத்தனை பேருக்குமான அடி அவன் முகத்தில் விழுந்ததோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். என் கழுத்தில் இருந்த விரல் தடத்தைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "நீங்க ஏன் அக்கா கதவத் திறந்தீங்க?"

பிறகு, "பொண்ணு வாழ்க்கை. வெளிய மூச்சு விடாதீங்க" என்றார். அந்த மனிதன் சத்திரத்துச் சமையல்கட்டில் வழுக்கி அடுப்பில் விழுந்ததாக முதலில் சொன்னான். ஒரு வாரத்தில் கதை மாறியது. எதையோ எடுத்துவர நல்ல மனசோடு போனானாம், தனியாக இருந்த கிழவி புத்தி தடுமாறி அடித்துவிட்டாளாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அவனுக்கு இரண்டு கதை கிடைத்தது.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை அழைத்துவர நானும் உன் வீட்டுக்காரரும் பழம், பூ, புடவையோடு பஸ் ஏறி அல்சூர் போனோம். வாசலிலேயே சம்பந்தி அம்மாள் நிறுத்தினாள்.

"மொதல்ல எங்க மருமகன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா இந்த ஆடிக்கு மட்டும் இல்ல, எந்த ஆடிக்கும் அனுப்பறதா இல்ல."

அவன் கூடத்தில் ஈசிசேரில் சாய்ந்திருந்தான். இரண்டு கன்னத்திலும் தழும்பு. "விடுங்க அத்தே. வயசானவங்க. இங்கிலீஷ் படிச்சா மட்டும் போதுமா, மண்டையில இருக்கறது இருக்கணும் இல்ல" என்று சிரித்தான். உன் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "அக்கா, ஒரே ஒரு வார்த்தை" என்று கெஞ்சினார். வசந்தா அவள் புருஷனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள்.

சொல்லிவிட்டால் அவள் என்னோடு பஸ் ஏறுவாள். ஒரு மாதம் என் வீட்டில் தூங்குவாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் திரும்பிப் போக வேண்டியது இந்த வீட்டுக்கு. நான் மன்னிப்புக் கேட்டால் அவன் கதைதான் உண்மையாகும், இவன் யார் என்று தெரியாமல் திரும்பிப் போவாள். ஒரு மாதத்துக்காக அவளுடைய கண்ணைக் கட்டிவிடலாமா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நீ என்னைவிட இளகிய மனசுக்காரி. நீ சொல்லியிருப்பாயோ என்னவோ.

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நான் ரெண்டு தடவ அடிச்சேன். மொதல் அடி, கல்யாணத்தன்னிக்கு இவர் பீரோ சாவிக்காக என் கழுத்தை நெரிச்சதுக்கு. அதுக்கு மன்னிப்பு கிடையாது. இவர் கைய விட்டப்புறம் இன்னொண்ணு அடிச்சேன். அது தப்பு. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கறேன்."

அவன் எழுந்து, "முண்டைக்கு ஹுச்சு புடிச்சிருக்கு, பைத்தியம்!" என்று கத்தினான். சம்பந்தி அம்மாள், "கேட்டியாடா, கேட்டியா?" என்று மகனைப் பிடித்து உலுக்கினாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். வசந்தா என் முகத்தையும் என் கழுத்தையும் பார்த்தாள். பிறகு, "பெரியம்மா, நீங்க கெளம்புங்க. பஸ் போயிடும்" என்றாள்.

என்னை விரட்டினாளா, காப்பாற்றினாளா? நீ பெற்றவள், உனக்குத் தெரியுமா?

கேட்டுக்கு வெளியே வந்ததும் பின்னால் செருப்பில்லாத காலடி கேட்டது. அந்த மனிதனின் மனைவி, மாப்பிள்ளையின் அக்கா. அவளோடு நான் அதுவரை பேசியதே இல்லை. நான் விட்டுவந்த பூக்கூடையை நீட்டினாள். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"ரெண்டாவது அடிக்கு ஏம்மா மன்னிப்புக் கேட்டீங்க?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள். வழியெல்லாம் உன் வீட்டுக்காரர் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

ஆடி முழுக்க வசந்தா வரவில்லை. உன் வீட்டுக்காரர் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னோடு பேசுவதில்லை. தெருவில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் பரிதாபப்படுகிறார்கள், மீதிப் பேர் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். கரி கனன்ற வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். துணியெல்லாம் வண்ணானிடம் போகிறது. படு மோசமாக மடிக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் தனியாகவே அல்சூருக்குப் போனேன். அவர்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், மரத்தடியில், குடையை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். ஒருவரும் வெளியே வரவில்லை. அடுத்த வெள்ளியும் போனேன். அன்றைக்கு வசந்தா குப்பை கொட்டுகிற சாக்கில் கேட் வரைக்கும் வந்தாள். என்னைப் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டே சொன்னாள்: "இவர்கிட்டச் சொல்லி எங்க ரூமுக்கு உள்தாழ்ப்பாள் போட வெச்சுட்டேன், பெரியம்மா."

அவ்வளவுதான். கூடையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் என்னை நம்பினாள், பத்மா. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத பெண், புருஷன் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்ட முதல் பொருள் ஒரு தாழ்ப்பாள். இதில் நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். என் கால் நடக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் அந்த மரத்தடியில் நிற்பேன். உள்ளே கூப்பிட வேண்டாம், காபி வேண்டாம். நான் நிற்பதை அவன் பார்க்க வேண்டும், உன் மகளும் பார்க்க வேண்டும். போதும்.

இப்படிக்கு,
உன் மகளுக்குப் பெரியம்மாவாகவும் உனக்கு என்றைக்கும் அக்காவாகவும் இருக்கிறவள்.